நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்

மோட்டார் வண்டியின் பளபளப்பைக் கண்டு வியப்போர், அதன் பூச்சைத் தேய்த்த தொழிலாளியின் நுரையீரலை நினைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், உலர்ந்த பூச்சை அரத்தாளால் தேய்த்தே மழமழப்பாக்கினர். பூச்சில் ஈயம் இருந்தது. எழுந்த தூசு மூச்சிற் கலந்தது. நீரூற்றித் தேய்த்தால் தூசு எழாது. ஆனால், மணிகளைத் தாளோடு பிணைத்ததோ விலங்குத் தோலிற் காய்ச்சிய பசை. நீர் பட்டால் அது இளகிவிடும்.

1920ஆம் ஆண்டில், பிலடெல்பியா நகரில் மை செய்து விற்ற பிரான்சிஸ் ஓக்கி என்பவர், மினசோட்டா மாநிலத்து அரத்தாட் கம்பனியொன்றுக்குக் கடிதம் எழுதி, எல்லா அளவிலும் உராய்மணிகளின் மாதிரி கேட்டார். மை வணிகருக்கு இம்மணிகள் எதற்கு? கடிதத்தை ஒதுக்கிவிடாது அவ்வாறு வினவியவர், கம்பனியை நடத்திய வில்லியம் மக்னைட். (கொருந்தம் என நம்பிப் பயனற்ற கல்லைத் தோண்டி 1902இல் தொடங்கிய கம்பனி அது, ஐயுறக் கற்றிருந்தது போலும்!) நீருக்கு இளகாத அரத்தாளை ஓக்கி ஆக்கியிருந்தார். அதன் உரிமையைக் கம்பனி வாங்கிற்று. 1921இல் தாள் விற்பனைக்கு வந்தது. ஓக்கியும் அக்கம்பனியிலேயே சேர்ந்தார்.

நீர் தூசை அடக்கியதோடு நிற்கவில்லை. துகள்களைக் கழுவிச் செல்வதால் மணிகளின் இடுக்குகள் எளிதில் அடைபடா, கீறலும் குறையும். ஆயினும் ஈயம் மறைந்துவிடவில்லை. காற்றிற் பறந்தது சேறாகி வடிந்தது. அச்சேற்றைக் காயுமுன் கழுவாவிடின் மீண்டும் தூசுதான்.