விதி முடியும் இடம்: மேசை விளையாட்டுகளில் கதையின் பிறப்பு

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டுகள் ஆட்டக்காரர்களைக் கதைசொல்லிகளாக்குகின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்ட நூல்கள் விரித்துக்காட்டும் மாய உலகமே அதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இவ்விளக்கம் போதாது. எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்ற அனுமதியும், அம்முயற்சிக்கு ஆட்டக்காரரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒரு பதிலும் சேரும்போதுதான் கதை பிறக்கிறது என்பது என் வாதம்.

1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய ‘பிரவுன்ஸ்டைன்’ இதற்கு முதல் சான்று. நெப்போலியன் காலப் போர் ஆட்டம் அது. பிரவுன்ஸ்டைன் என்பது கற்பனையான ஒரு ஜெர்மானிய ஊர். படைத்தலைவர்களோடு நிற்காமல் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று மற்றவர்களுக்கும் வேடம் கொடுத்தார் வெஸ்லி. படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டம் அவர் கையை மீறிப் போயிற்று. ஆளாளுக்கு ஒதுங்கி நின்று ரகசியம் பேசினார்கள். இருவர் தங்களுக்குள் தனிச்சண்டைக்குச் சவால் விட்டுக்கொண்டு, தீர்ப்புக் கேட்டு அவரிடம் வந்தார்கள். அதற்கு விதி எதுவும் இல்லை. அங்கேயே ஒன்றை உண்டாக்கி முடிவு சொன்னார். ஆட்டம் குலைந்துவிட்டதாகவே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். அந்தத் தனிச்சண்டை எந்த நூலிலும் இல்லாதது. இருவர் விரும்பினார்கள், மூன்றாமவர் முடிவு சொன்னார். கதைக்கு அவ்வளவே தேவைப்பட்டது.

இப்படி முடிவு சொல்லும் நடுவருக்கு இந்த அதிகாரம் ராணுவத்திலிருந்து வந்தது. சார்லஸ் டாட்டன் 1880-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடகோஸ்’ என்ற போர்ப்பயிற்சி நூலே வெஸ்லிக்கு வழிகாட்டி. போர்க்களத்தில் எதுவும் நேரலாம் என்பதால் விதியில் இல்லாததையும் நடுவர் தீர்க்கலாம் என்று ராணுவத்தினர் வைத்த ஏற்பாடு, பொழுதுபோக்காக ஆடியவர்களிடம் கதையாயிற்று. வெஸ்லியின் ஆட்டக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் ‘பிளாக்மூர்’ என்ற உலகை இதே முறையில் நடத்தினார். பின்னர் அவரும் கேரி கைகாக்ஸும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் மூன்று சிறு நூல்களாக, முதல் அச்சில் 1,000 பிரதிகள் வெளிவந்தது. உங்களுக்குப் பதிலாக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்ற கேள்வி அதன் முடிவுரையிலேயே இருக்கிறது.

எழுதி முடித்த கதையும் ஆட்டக்காரரை ஈர்க்குமே என்று மறுக்கலாம். ஈர்க்கும். 1984-இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ ஆட்டத் தொடர் நாவல்களோடு கைகோத்து வந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. ஆனால் அதன் முதல் ஆட்ட நூல் நடுவருக்குச் சொல்லும் யோசனையைக் கவனிக்க வேண்டும்: பின்னால் தேவைப்படும் பாத்திரம் செத்தால், உடல் கிடைக்காதபடி அந்தச் சாவை அமைத்துவிடுங்கள், பிறகு திரும்ப அழைத்து வரலாம். ஆக, ஆட்டக்காரரின் முயற்சிக்குப் பகடை சொன்ன பதிலுக்கு அங்கே மதிப்பில்லை. ஆட்டக்காரர் அங்கே வாசகராகிவிடுகிறார்.

2010-இல் வெளியான ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ நேர் எதிர்த் திசையில் சென்றது. நடுவர் கதையை முன்கூட்டி வகுக்கவே கூடாது என்பது அதன் கட்டளை. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் பெரும்பாலும் ஏதேனும் விலை கொடுத்துப் பெறும் வெற்றி. அதற்குக் கீழே நடுவரின் முறை. கூட்டலோ கழித்தலோ இல்லாதபோது, 36 சேர்க்கைகளில் 15 இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. உதாரணமாக, கதவு திறக்கிறது, ஆனால் சத்தம் காவலாளியை எழுப்புகிறது. அடுத்த காட்சி இப்போதே தயார்.

நடுவரே இல்லாத ‘ஃபியாஸ்கோ’ (2009) என் வாதத்தை உடைக்கும் என்று தோன்றலாம். உண்மையில் உறுதிப்படுத்துகிறது. அதில் காட்சியைத் தொடங்கத் தேர்ந்தவருக்கு அது நன்மையில் முடிவதா தீமையில் முடிவதா என்று தீர்மானிக்கும் உரிமை இல்லை. அது மேசையிலிருக்கும் மற்றவர்களுக்கு உரியது. நடுவர் போனார்; பிறர் தரும் பதில் போகவில்லை.

கதை நூலில் அல்ல, மேசையில்தான் பிறக்கிறது. ஆகவே ஆட்ட நூல்களை மட்டும் படித்து இவ்விளையாட்டுகளை ஆராய்வது பாதி ஆய்வுதான். ஆட்டக்காரர்களின் குறிப்பேடுகள், கையால் வரைந்த வரைபடங்கள், ஆட்ட ஒலிப்பதிவுகள் ஆகியவற்றையும் நூலகங்கள் இப்போதே திரட்டிப் பாதுகாக்க வேண்டும்.