வலிநிவாரணியும் இரைப்பைக் காப்பு மருந்தும்

ஆஸ்பிரின் 1899இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அது இரைப்பையைப் புண்ணாக்குவதை 1938இல் இங்கிலாந்து மருத்துவர்கள் டவுத்வெயிட், லின்டாட் இருவரும் அகநோக்கி வழியாக நேரில் கண்டனர். காரணம் விளங்க மேலும் 33 ஆண்டுகள் ஆயின. இவ்வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் அப்பொருளே இரைப்பைச் சுவரையும் காக்கிறது. மருந்து இரத்தத்தில் கலந்த பின்னும் தீங்கு தொடர்வதால், சாப்பிட்டபின் விழுங்கினால் போதும் என்பது அரை உண்மையே.

1980களின் இறுதியில் மிசோப்ரோஸ்டாலும் ஒமெப்ரசோலும் வந்தன. ஆனால் வலி மாத்திரையை வலியே நினைவூட்டும். காப்பு மாத்திரைக்கு அந்த வசதி இல்லை. புண்ணின் வலியும் மறைந்துபோவதால் சிலருக்குக் கறுத்த மலமே முதல் அறிகுறி. ஒமெப்ரசோல் அமிலத்தை நன்கு அடக்கச் சில நாள்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும்.