அந்நியர் என்று ஒரு பெயர்

பிரிட்டன் தீவின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு சிறு தேசம் இருக்கிறது. அந்த ஜனங்களை இங்கிலீஷ்காரர்கள் 'வெல்ஷ்' என்கிறார்கள். பழைய ஸாக்ஸன் பாஷையில் அதற்கு 'அந்நியன்' என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை வாங்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அத்தீவிலேயே இருந்தவர்கள். பெயர் வைத்தவர்கள்தான் ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் கடல் கடந்து வந்து இறங்கியவர்கள்!

வார்த்தையின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால், ஜூலியஸ் ஸீஸர் குறிப்பிடும் 'வோல்க்கே' என்ற கெல்டிக் கூட்டத்தாரிடம் கொண்டு போய் விடுகிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். அண்டையில் வாழ்ந்த ஜெர்மானியர் முதலில் அந்தக் கூட்டத்தாரை மட்டும் அப்படி அழைத்தார்கள். பிறகு கெல்டியர் எல்லாரையும். அப்புறம் ரோமாபுரியின் பாஷை பேசியவர்களையும். பெல்ஜியத்து வாலூன்களின் பெயரும், ருமேனியாவின் வாலேக்கியாவும் இதே வேரில் முளைத்தவை. போலந்துக்காரர்கள் இத்தாலிக்கு வைத்திருக்கும் பெயரும் இதன் வழி வந்ததுதான். நாம் தின்கிற வால்நட்கூட 'அந்நியக் கொட்டை' தான்.

கொட்டையை அந்நியம் என்றால் கொட்டைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மனிதன் விஷயம் அப்படியல்ல. 688 முதல் 726 வரை வெஸ்ஸெக்ஸை ஆண்ட ஐனி அரசனின் சட்டத்தில், கொலையுண்டவனின் உயிருக்கு விலை போட்டிருக்கிறது. அந்தஸ்து ஒன்றாகவே இருந்தாலும் வெல்ஷ்காரன் உயிருக்கு ஏறக்குறைய பாதி விலைதான். நாளடைவில் அந்த வார்த்தைக்கே 'அடிமை' என்றும் ஓர் அர்த்தம் சேர்ந்துகொண்டது. 1536-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் வேல்ஸ் நியாயஸ்தலங்களில் இங்கிலீஷ்தான் நடக்க வேண்டும் என்றது. சொந்த ஊர்க் கச்சேரியில் சொந்த பாஷைக்கு இடமில்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில், வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள்.

அந்த ஜனங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? 'கம்ரி'. 'ஒரே நாட்டவர்', அதாவது நம்மவர் என்பது அதன் பழைய பொருள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் நம்மவன். அந்தப் பக்கம் நின்றால் அந்நியன். ஆள் என்னவோ ஒருவன்தான்.

2011-ல் அவர்கள் பாஷைக்கு வேல்ஸில் சட்டபூர்வமான ஆட்சிமொழி அந்தஸ்து கிடைத்தது. 'நான் வெல்ஷ்காரன்' என்று இன்றைக்கு அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரிலிருந்த விஷம் இறங்கிவிட்டது. ஆனால் 2021 ஜனத்தொகைக் கணக்குப்படி, வேல்ஸில் 100-க்கு 18 பேருக்குத்தான் அந்தப் பாஷை பேச வரும்.