முனிர்கா

தென்மேற்கு தில்லியில், ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி முகடுகளை ஒட்டிய பழைய ஊர். குஜராத்தில் தொடங்கும் அந்தத் தொன்மையான மலைத்தொடர் தில்லியில்தான் தாழ்ந்து முடிகிறது.

ஜாட் உழவர்களின், குறிப்பாக டோகஸ் குலத்தாரின் ஊர் இது. வயல்களை அரசு கையகப்படுத்திய பின் சுற்றிலும் ஆர்.கே. புரம், வசந்த் விகார் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. அருகே 1969-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. உழவு போனது, வாடகை வந்தது. வெயில் எட்டிப்பார்க்காத சந்துகளில் நான்கைந்து மாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. மாணவர்களும் வடகிழக்கு மாநிலத்தவரும் இங்கே பெருமளவில் குடியிருப்பதால், மூங்கில் குருத்து, புளிக்கவைத்த சோயா, கருவாடு விற்கும் கடைகள் உண்டு. 2018 முதல் மெட்ரோ ரயிலும் நிற்கிறது.

பல்கலைக்கழக வளாகத்துப் பாறைக்காட்டில் இன்னும் நீலமான்களும் மயில்களும் திரிகின்றன. ஆனால் முகடுகளை வளைத்திருப்பது, ராமநாதபுரத்தார் நன்கறிந்த அதே சீமைக்கருவேலம்! மண்ணுக்குரிய மரங்களை மீட்பதே இங்கு அவசரப் பணி.

தமிழருக்கு இப்பகுதி என்றால் மலை மந்திர். பக்கத்து ஆர்.கே. புரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கருங்கல்லில் எழுப்பிய இக்கோயிலுக்கு 1973-இல் குடமுழுக்கு நடந்தது. தைப்பூசத்தன்று காவடிகள் இந்தப் படிகளிலும் ஏறுகின்றன.