நல்

பெயர்ச்சொல். தரவுத்தளத்தில் மதிப்பு ஏதும் இல்லை என்பதற்கான குறி. பூஜ்யமும் அன்று, ‘பொய்’யும் அன்று. ‘நல்ல’ என்பதன் வேரான தமிழ் ‘நல்’லோடு உறவில்லை.

மூலம் லத்தீன் ‘நுல்லுஸ்’: ‘நே’ (இல்லை) + ‘உல்லுஸ்’ (ஏதேனும்). பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உறவுமுறைத் தரவுத்தளத்தை 1970-இல் வகுத்த எட்கர் காட், 1979 கட்டுரையில் நல்லைக் கையாள, உண்மை, பொய் இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாம் நிலையையும் விவரித்தார்.

ஆரக்கிளின் பிஎல்/எஸ்கியூஎல் மொழியில், ‘கட்டியாச்சு’ (கட்டணம் கட்டியாச்சா?) என்று தொடக்க மதிப்பு தராமல் அறிவித்த பூலியன் மாறி நல்லாகவே இருக்கும். ‘இஃப் கட்டியாச்சு தென்’ என்றாலும் எல்ஸ் பகுதிதான் ஓடும். ‘இஃப் நாட் கட்டியாச்சு தென்’ என்றாலும் எல்ஸ்தான். காரணம், நல்லின் மறுப்பும் நல்லே. பிழைச் செய்தி எதுவும் வராது. ‘= நல்’ என்று ஒப்பிட்டாலும் விடை நல்தான்; ‘இஸ் நல்’ என்றே கேட்க வேண்டும்.

அறிவிக்கும்போதே ‘:= ஃபால்ஸ்’ போடுவது நல்ல பழக்கம். வெளியிலிருந்து வரும் மதிப்புக்கு ‘என்விஎல்(கட்டியாச்சு, ஃபால்ஸ்)’ உதவும்: நல்லாக இருந்தால் ஃபால்ஸ் தரும். ஆனால் ‘தெரியாது’ என்பதை ‘இல்லை’ என்று கொள்ளலாமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கட்டணத்துக்கு அது பொருந்தலாம், நோயாளியின் ஒவ்வாமைப் பதிவுக்குப் பொருந்தாது.