காணாமல் போன இரண்டு தோட்டாக்கள்

கோலார் தங்கவயல் பக்கத்தில், பங்காரப்பேட்டை தாலுக்காவில் பூதிகோட்டை என்று ஒரு ஊர். ராபர்ட்சன்பேட்டையில் வளர்ந்த எங்களை பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போன இடம். ஹைதர் அலி 1720 வாக்கில் பிறந்தது அங்கேதான். அவர் படை 1769-ல் சென்னை வாசல் வரை வந்து கம்பெனிக்காரர்களிடம் சமாதானம் எழுதி வாங்கியது உங்களுக்குத் தெரிந்த கதை.

நம்மவர் கையில் ஆயுதம் என்றால் வெள்ளைக்காரனுக்கு ஒரு கிலி. 1857-க்குப் பிறகு ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு! சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் போட்டு, 1962 அக்டோபர் 1 முதல் அமலாக்கினார்கள். லைசென்ஸ் முறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. குடகர்களைப் போன்ற சிலருக்குத்தான் விலக்கு.

அந்த லைசென்ஸின் நிபந்தனைகளில் ஒன்று: துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தால், திருடு போனால், தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். மீறினால் 30-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பி.காம். பாடத்தில் இல்லை சாமி! நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், ஒரு திங்கட்கிழமை காலை கன்மேன் பதிவேட்டில் இரண்டு தோட்டா குறைந்தது. "முதல்ல தேடிப் பார்க்கலாம், வெளியே தெரிஞ்சா நம்ம பேருதான் கெடும்" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன். கன்மேன் ரிடையரான மிலிட்டரிக்காரர். "சார், எடுத்தவன் நாளைக்கு யாரையாவது சுட்டா, அப்ப யார் பேரு கெடும்?" என்று கேட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கே கிளம்பிவிட்டார். தோட்டா கிடைக்கவில்லை. விசாரணையில் நாலு மாதம் அலைந்தவர் அவர். தலையாட்டிய எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்காரர் 48 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும் என்று மத்திய சட்டம் உண்டு. வீட்டில் வைத்திருப்பவருக்கு அப்படி நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 2016-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு 5 நாள் கெடு கொண்டுவந்தார்கள். பல மாநிலங்களில் அதுவும் இல்லை.

காணாமல் போன செக் புத்தகத்துக்கு அன்றைக்கே வங்கிக்கு போன் போடுகிறோம். துப்பாக்கிக்கு யோசிக்கலாமா? பிள்ளைகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தக் கன்மேன் அன்றைக்குக் கூச்சப்படவில்லை.