சிசிலிக் கரையோரம் இப்னு ஜுபைருடன் ஒரு பயணம்



இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் அமைந்த பெருந்தீவு சிசிலி. அதன் தலைநகரான பலெர்மோவிலிருந்து காலை வேளைகளில் சிறு வேன்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பயணிகள். அவர்களுடன் ஒரு வழிகாட்டி. சில கிழக்கே செஃபலூ நகருக்கும், சில மேற்கே திராப்பானியின் உப்பளங்களுக்கும் செல்கின்றன. ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் மலைச்சரிவும் எலுமிச்சைத் தோட்டங்களும். மாலையில் ஊர் திரும்பிவிடலாம்.

வழியில் பழைய கட்டடங்களின் முன் வேன் நிற்கும். அவற்றின் வளைவுகளைக் காட்டி, "இது அரபு-நார்மானியக் கலை" என்பார் வழிகாட்டி. பலெர்மோவின் கட்டடங்களையும், செஃபலூ, மொன்றியாலே பேராலயங்களையும் 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது இப்பெயரால்தான். பயணிகள் படமெடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்வர். அந்த வளைவுகளைச் செதுக்கிய மக்கள் எங்கே போயினர் என்ற கேள்விக்கு ஒரு நாள் சுற்றுலாவில் நேரம் இருப்பதில்லை.

அக்கேள்விக்கு விடை தேட நமக்கு இன்னொரு வழிகாட்டி இருக்கிறார். ஏறத்தாழ 840 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு குழுவினருடன் இதே கரையோரம் பயணித்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்தவர் அவர். நாம் அக்கரையை நேரில் கண்டவர்களல்லர். அவருடைய நூலின் வழியே சென்று வருவோம்.

வழிகாட்டி யார்?

அபுல் ஹுசைன் முஹம்மது இப்னு ஜுபைர் (ரஹ்) 1145ஆம் ஆண்டு அந்தலூஸின் வலன்சியாவில் பிறந்தவர். கிரனாடாவின் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1183இல் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டு, அலெக்சாந்திரியா வழியே மக்கா சென்று கடமையை நிறைவேற்றினார். பின்னர் மதீனா, பக்தாத், திமிஷ்க் ஆகிய நகரங்களைக் கண்டு, 1184 அக்டோபரில் அக்கா துறைமுகத்தில் ஜெனோவா நாட்டுக் கப்பலொன்றில் ஏறினார். அது கிறிஸ்தவர்களின் கப்பல். புனித பூமியிலிருந்து திரும்பும் கிறிஸ்தவ யாத்திரிகர்களும் ஹாஜிகளும் அதில் ஒன்றாகவே பயணித்தனர்.

ஹிஜ்ரி 580 ரமளான் மாதத் தொடக்கத்தில், அதாவது 1184 டிசம்பரில், மெஸ்ஸினா நீரிணையில் அக்கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையிலிருந்து வந்த படகுக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு எனக் கூலி கேட்டனர். ஏழை முஸ்லிம்கள் கையில் ஒன்றுமின்றி நின்றனர். அச்சமயம் அவ்வூரில் தங்கியிருந்த சிசிலி மன்னர் இரண்டாம் வில்லியம் தாமே கடற்கரைக்கு வந்தார். நிலையை அறிந்து, அவ்வேழைகளைக் கரைசேர்க்கத் தம் பொருளிலிருந்து 100 ருபாயீ பொற்காசுகளைக் கொடுக்கச் செய்தார். மன்னர் அங்கிராதிருந்தால் பொருள்கள் சூறையாடப்பட்டு முஸ்லிம்கள் அடிமைகளாகியிருப்பர் என்று எழுதி, இப்னு ஜுபைர் அல்லாஹ்வைப் புகழ்கிறார். இந்த 100 காசுகளை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இத்தீவின் முன்கதை

827இல் கைரவானின் காழியும், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டவருமான அஸது இப்னுல் ஃபுராத் தலைமையில் முஸ்லிம் படை சிசிலியின் மஸாரா கரையில் இறங்கியது. 831இல் பலெர்மோ வசமாயிற்று. அதன்பின் நீர்ப்பாசனமும், எலுமிச்சை, நாரத்தை, கரும்பு முதலிய பயிர்களும் தீவில் பரவின. நீர்த்தொட்டியைச் சிசிலி உழவர் இன்றும் "ஜெப்பியா" என்கின்றனர். அது "ஜாபியா" என்னும் அரபுச் சொல்லே.

973ஆம் ஆண்டளவில் பலெர்மோவுக்கு வந்த இப்னு ஹவ்கல் என்னும் பயணி, அந்நகரில் 300க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கண்டதாக எழுதினார். அங்கே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களும் 300 பேர் அளவில் இருந்தனராம். ஆனால் அவர்கள் அறிவு குன்றியவர்கள், போருக்குப் போகாமல் தப்பவே இத்தொழிலைப் பிடித்தவர்கள் என்று அவர் கடுமையாக ஏளனம் செய்கிறார். ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பக்கத்தைப் புன்முறுவலின்றிக் கடக்க இயலவில்லை. இந்த ஆசிரியர்களையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பதினோராம் நூற்றாண்டில் தீவின் அமீர்கள் தமக்குள் பகைத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான இப்னுத் துமனா, தம் எதிரியை வெல்ல நார்மானியரை உதவிக்கு அழைத்தார். 1061இல் வந்தவர்கள் திரும்பிச் செல்லவில்லை. 1072இல் பலெர்மோவும், 1091இல் தீவு முழுவதும் அவர்கள் கைக்குச் சென்றன. எனவே இப்னு ஜுபைர் கண்டவர்கள், ஆட்சியை இழந்து நூறாண்டுக்கும் மேல் வேற்றவர் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம்கள்.

செஃபலூவிலிருந்து பலெர்மோ வரை

மெஸ்ஸினாவிலிருந்து ஒரு படகில் வடகரையோரமாக அக்குழு சென்றது. முதலில் செஃபலூ. கனிவளமும் ஒழுங்கான அங்காடிகளும் உள்ள ஊர். அங்கே ஒரு முஸ்லிம் கூட்டம் வாழ்கிறது. மேலே பெரும்பாறை மீது கோட்டை, என்று குறிக்கிறார். இன்று பயணிகள் மூச்சிரைக்க ஏறுவது அதே பாறையில்தான். கீழே நிற்கும் பேராலயத்தை 1131இல் கட்டத் தொடங்கியவர் வில்லியமின் பாட்டனார் இரண்டாம் ரோஜர்.

அடுத்தது வெந்நீர் ஊற்றுகளின் ஊரான தெர்மினி. முஸ்லிம்களுக்கெனப் பெரியதொரு புறநகரும் பள்ளிவாசல்களும் அங்கே இருந்தன. அதற்கு மேற்கே உள்ள திராபியாவில் "இத்ரிய்யா" என்னும் கோதுமைச் சேமியா செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானதை, ரோஜர் மன்னரின் அவையிலிருந்த புவியியலறிஞர் அல்இத்ரீஸி 1154இல் முடித்த தம் நூலில் பதிந்துள்ளார். இன்று இத்தாலியின் அடையாளமாகிவிட்ட உணவைப் பற்றிய பழம்பதிவுகளுள் அதுவும் ஒன்று.

காற்று எதிர்த்ததால் இப்னு ஜுபைரும் தோழர் சிலரும் தெர்மினியிலிருந்து கால்நடையாகவே பலெர்மோவை நோக்கி நடந்தனர். வழியில் எதிர்ப்பட்ட கிறிஸ்தவர்கள் தாமே முந்தி முகமன் கூறி அன்பாகப் பேசினராம். அந்த அன்பைப் பதிந்துவிட்டு, விவரமறியா உள்ளங்களை இதுவே ஈர்த்துவிடுமோ என்ற அச்சத்தையும் உடன் எழுதுகிறார். இரண்டையும் மறையாமல் எழுதியது அவருடைய நேர்மை.

பலெர்மோவுக்குச் சற்று முன்னே கஸ்ரு ஸஅத் என்னும் பழங்கோட்டை. முஸ்லிம் ஆட்சிக்காலத்தது, சுற்றிலும் வணக்கசாலிகளின் அடக்கத்தலங்கள். மேற்றளத்தில் ஓர் அழகிய பள்ளிவாசல்; பாய்கள் விரிக்கப்பட்டு, பித்தளையிலும் கண்ணாடியிலுமாக நாற்பது விளக்குகள் தொங்கின. ரமளான் இரவு. நெடுநாள் கேளாதிருந்த பாங்கொலி அங்கே அவர் செவியில் விழுந்தது. இமாம் தராவீஹ் தொழுவித்தார். மாதக்கணக்கில் கடலில் அலைக்கழிந்த அந்த ஹாஜிக்கு அவ்விரவு எத்தகையதாயிருந்திருக்கும்! சுற்றுலா வழிகாட்டிகளின் பட்டியலில் அந்தப் பள்ளிவாசல் இல்லை.

பலெர்மோவின் இரு முகங்கள்

பலெர்மோவில் ஏழு நாள்கள் தங்கினார். அரண்மனையில் தலைமைச் சமையற்காரர் முதல் மெய்க்காவலர் வரை முஸ்லிம்கள். மன்னர் அரபு படிப்பார், எழுதுவார். 1169ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது, அரண்மனைப் பெண்களும் பணியாளர்களும் தம்மை மறந்து அல்லாஹ்வை அழைத்துக் கதறியதை மன்னர் கேட்டாராம். அவர்கள் அஞ்சி நின்றபோது, அவரவர் தாம் வணங்குபவனை அழைக்கட்டும் என்று ஆறுதல் கூறினாராம். இது மென்மையான முகம். ஆனால் அவர்களுள் பலர் ஈமானை மறைத்தே வாழ்ந்தனர் என்பதும் அச்செய்தியிலேயே அடங்கியுள்ளது.

நகரில் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்புகள் இருந்தன. அங்காடிகளில் அவர்களே மிகுதி. வழக்குகளுக்குத் தனிக் காழி. ஐவேளைப் பாங்கு தெளிவாக ஒலித்தது. ஜும்ஆ குத்பாவுக்கு மட்டும் தடை. பெருநாளன்று குத்பா ஓதி அப்பாஸிய கலீஃபாவுக்குத் துஆ செய்துகொண்டனர். பள்ளிவாசல்கள் எண்ணிலடங்கா, அவற்றுள் பெரும்பாலானவை குர்ஆன் ஓதிக்கொடுப்போரின் பாடசாலைகளாகவே இருந்தன என்று இப்னு ஜுபைர் எழுதும் இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும்.

இப்னு ஹவ்கல் ஏளனம் செய்த ஆசிரியர்களின் வாரிசுகள் இவர்கள். இடையே இருநூறு ஆண்டுகள். அமீர்கள் போயினர், படைகள் போயின, கோட்டைகள் கைமாறின. பாய் விரித்து அமர்ந்து பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிய அந்த எளிய மனிதர்களின் வரிசை மட்டும் அறுபடாமலிருந்தது. போருக்குத் தப்பியவர்கள் எனப் பெயர் வாங்கியவர்களே, தோற்றுப்போன சமுதாயத்தை நூறாண்டுக்கும் மேல் தாங்கி நின்றனர்.

திராப்பானியில் ஒரு தந்தை

பலெர்மோவிலிருந்து அல்கமோ வழியே திராப்பானி சென்று, கப்பலுக்காக ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருந்தார். நோன்புப் பெருநாள் அங்கேதான். முஸ்லிம்கள் முரசும் கொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குச் சென்றதையும், கிறிஸ்தவர்கள் அதைத் தடுக்காதிருந்ததையும் கண்டு வியந்தார்.

அவ்வூரில்தான் பெருநாளின் மகிழ்ச்சிக்குப் பின்னாலிருந்த துயரமும் அவருக்குத் தெரிந்தது. தீவின் முஸ்லிம்களுக்குத் தலைவராயிருந்த அபுல் காஸிம் இப்னு ஹம்மூதை அங்கே சந்தித்தார். அந்தலூஸையும் மக்ரிபையும் ஆண்ட முவஹ்ஹிதுகளுடன் கடிதத் தொடர்பு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 30,000 தீனாருக்கு மேல் பறிகொடுத்திருந்தார் அவர். தாமும் தம் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டாலும் நன்று, அவ்விற்பனை ஒருவேளை முஸ்லிம் நாட்டில் கொண்டு சேர்க்குமே என்று அவர் கூறியபோது கேட்டவர்கள் கண்கலங்கினர்.

இன்னொரு தந்தை, ஊர்ப் பெரியவர்களுள் ஒருவர், ஹாஜி ஒருவரிடம் தம் மகனை அனுப்பினார். தம் இளம் மகளை ஏற்று, விரும்பினால் தாமே மணந்துகொள்ளவும், இல்லையேல் தம் ஊரில் தகுந்தவருக்கு மணமுடித்துக் கொடுக்கவும் வேண்டினார். தாயற்ற பெண் அவள். அண்ணன் தம்பியரையும் சிறு தங்கையையும் விட்டுப் பிரிய வேண்டும். கருத்துக் கேட்ட தந்தையிடம், தன்னைத் தடுத்து நிறுத்தினால் தன் விஷயத்தில் தந்தையே பொறுப்பாளி என்றாள் அம்மகள். ஒரு தந்தை தன் மகளை இவ்வாறு அனுப்பத் துணிகிறார் எனில் அவ்வீட்டில் நிலவிய அச்சம் எத்தகையது!

அந்த அச்சத்துக்குக் காரணத்தையும் இப்னு ஜுபைர் சொல்கிறார். தந்தை மகனைக் கடிந்துகொண்டாலோ, தாய் மகளைக் கோபித்தாலோ, பிள்ளை வெளியேறித் தேவாலயத்தில் புகுந்து மதம் மாறிவிடும். பிறகு பெற்றோர் அணுக வழியில்லை. ஆதலால் பெற்றோர் தம் மக்களைக் கடிந்துரைக்கவும் அஞ்சி வாழ்ந்தனர். பள்ளிவாசலும் பாங்கும் இருந்தன. ஆனால் ஒரு கணச் சினம் வீட்டின் கதவைத் திறந்துவிடப் போதுமானதாயிருந்தது.

பிறகு நடந்தது

1185 மார்ச்சில் இப்னு ஜுபைர் கப்பலேறினார். அடுத்த மாதமே கிரனாடா சேர்ந்தார். 1189இல் வில்லியம் இறந்தார். அவர் நிழலில் வாழ்ந்தவர்கள் மீது பலெர்மோவில் உடனே தாக்குதல் எழுந்தது. பிழைத்தோர் மேற்கு மலைகளுக்கு ஓடினர். 1220களிலிருந்து பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், கிளர்ந்தெழுந்த அவர்களை அடக்கி, ஆயிரக்கணக்கில் இத்தாலியின் லூசெராவுக்கு நாடுகடத்தினார். 1300இல் லூசெராவும் அழிக்கப்பட்டது. எஞ்சியோர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இனி அந்த 100 காசுகளை நினைத்துப் பார்ப்போம். கடற்கரையில் ஏழை ஹாஜிகளுக்கு இரங்கிய அதே வில்லியம்தான், மேற்குச் சிசிலியின் பரந்த நிலங்களை மொன்றியாலே மடத்துக்கு வழங்கியவர். அந்நிலங்களின் எல்லைகளை வரையறுக்கும் 1182ஆம் ஆண்டுப் பத்திரம் இலத்தீனிலும் அரபியிலும் எழுதப்பட்டது. நிலத்தோடு சேர்த்து அங்குள்ள முஸ்லிம் குடியானவர்களும் மடத்தின் ஆளுகைக்குள் சென்றனர். அவர் இரங்கியதும் உண்மை, இதுவும் உண்மை. நன்மை செய்தவருக்கு நன்றி கூறுவது நம் மார்க்கம். ஆனால் ஒரு மனிதரின் தயவை ஒரு சமுதாயத்தின் அரணாகக் கொள்ள இயலாது.

பலெர்மோ பேராலயத்தின் தெற்கு வாயில் தூணொன்றில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் இன்றும் செதுக்கெழுத்தாக நிற்கிறது. முன்பு தேவாலயமாயிருந்து, பள்ளிவாசலாகி, மீண்டும் தேவாலயமான இடம் அது. வேனிலிருந்து இறங்குவோர் அதைப் படமெடுக்கின்றனர். ஓதத் தெரிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. கல் தன்மீது எழுதியதைக் காத்துக்கொண்டது. ஓதிய நாவுகள் அவ்வூரில் இல்லாமற் போயின.

அவர்களை வீழ்த்தியது பெருமளவு வாளும் அதிகாரமுமே. அந்தப் பெற்றோர்மீது பழிபோட நமக்கு உரிமையில்லை. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய நெருக்கடி இன்றில்லை என்பது இறைவன் அருள். ஆயினும் அத்தந்தையின் வீட்டை எண்ணும்போதெல்லாம், ஓதவரும் பிள்ளையிடம் நாம் காட்டும் முகத்தையும் சேர்த்தே எண்ணத் தோன்றுகிறது. மாலையில் குர்ஆனைக் கையில் கொடுக்கும்போது, திரும்பி வர விரும்பும் ஒரு வீட்டையும் அப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோமா?

நம் வீடுகளை அன்பும் ஓதலும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! பெயர் தெரியாத அந்தச் சிசிலி ஆசிரியர்களின் மண்ணறைகளை ஒளியால் நிரப்புவானாக! ஆமீன்.